பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பிறப்பு வரலாறு

பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டிலில் கிடக்கும் சிசுவை உற்று நோக்கி, மூக்கு அப்பன் மூக்கு, நெற்றி பாட்டி நெற்றி, விரல் மட்டும் தாய்மாமன் விரல் என்று அங்கம் அங்கமாகப் பங்கு பிரித்து மகிழ்வது நம்மவரிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கம். அதில் அன்பைத் தவிர வேறு நோக்கம் எதுவும் இருப்பதில்லை. ஆயினும், நெடுங்காலம் பிள்ளையில்லாமல் ஏங்கி, ஊசிக்கும் மாத்திரைக்கும் உடம்பை ஒப்புக்கொடுத்து, முடிவில் வேறொரு பெண் தானமாகக் கொடுத்த கருமுட்டையினால் கர்ப்பம் தரித்துப் பெற்ற தாய் ஒருத்தி அந்தத் தொட்டிலருகே நின்றுகொண்டிருந்தால், 'அம்மா ஜாடை கொஞ்சங்கூட இல்லையேடி' என்று யாரோ ஒரு பெரியம்மா சிரித்தபடி சொல்லும் வார்த்தை அவள் நெஞ்சில் எப்படிப் போய்த் தைக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. இத்தகைய தாய்மார் இன்று நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாய் திறப்பதில்லை. அந்தப் பிள்ளைகளை வளர்ப்பதில் பெற்றோருக்கு நேரும் சங்கடங்களையும், அவற்றுள் தலையாயதாகிய 'பிள்ளையிடம் சொல்வதா, மறைப்பதா' என்னும் கேள்வியையும் இங்கே சற்று ஆர அமர ஆராயலாம்.

முதலில் நிகழ்வது இன்னதென்று தெரிந்துகொள்வது அவசியம். ஒரு பெண் பிறக்கும்போதே அவளுடைய கருமுட்டைகள் யாவும் அவளுடன் பிறந்துவிடுகின்றன. பிறக்கும்போது 10 லட்சம் முதல் 20 லட்சம் வரை இருப்பவை பருவமடையும் காலத்தில் மூன்று நான்கு லட்சமாகக் குறைந்து, பிறகு வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துகொண்டே போகின்றன. வயது நாற்பதைத் தாண்டியவர்களில் பலருக்கும், இளமையிலேயே மாதவிலக்கு நின்றுபோனவர்களுக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையால் கருவகம் கெட்டவர்களுக்கும், கருப்பை நன்றாயிருந்தும் முட்டை உதவாமற் போகிறது. இந்நிலையில் வேறொரு இளம்பெண் ஏறத்தாழ 10 முதல் 12 நாட்கள் ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டு, ஸ்கேனில் பார்த்துப் பார்த்து முட்டைகள் முதிர்ந்த பின், மயக்க நிலையில் மெல்லிய ஊசியால் அவற்றை எடுக்கவிடுகிறாள். ஆய்வகத்தில் கணவனுடைய உயிரணுவோடு அவை சேர்க்கப்பட்டு, மூன்று முதல் ஐந்து நாள் வளர்ந்த கரு மனைவியின் கருப்பையில் வைக்கப்படுகிறது. இவ்வகையில் முதன்முதலாகப் பிறந்த குழந்தை ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழக மருத்துவர்களின் முயற்சியால் 1983ஆம் ஆண்டு நவம்பரில் பிறந்தது. லூயிஸ் பிரவுன் என்னும் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து அப்போது ஐந்து வருஷமே ஆகியிருந்தது. முட்டை தானத்தால் பிறந்த முதல் தலைமுறை இப்போது நாற்பது வயதைத் தாண்டிவிட்டது. ஆகவே இதைப்பற்றிப் பேசுவதற்கு வெறும் ஊகத்தை நம்பவேண்டிய நிலை இன்று இல்லை.

பிள்ளையின் மரபணுக்களில் ஒரு பாதி தகப்பனுடையது, மறு பாதி முட்டை கொடுத்தவளுடையது. இதில் மழுப்புவதற்கு ஒன்றுமில்லை. 'உங்கள் இரத்தந்தானே அம்மா குழந்தையின் உடம்பில் ஓடப்போகிறது' என்று சில இடங்களில் ஆறுதல் சொல்லி அனுப்புவதுண்டு. தாயின் இரத்தமும் சிசுவின் இரத்தமும் கர்ப்பத்தில் கலப்பதேயில்லை என்பதை அறிந்த நாளில் அந்த ஆறுதல் உடைந்துபோகும். உடையாத உண்மைகளே போதுமானவை இருக்கின்றன. நஞ்சுக்கொடியின் வழியே கரு உண்ணும் ஒவ்வோர் அணுவும் சுமப்பவளிடமிருந்தே வருகிறது. கருப்பையின் உட்சுவரில் சுரக்கும் நீரிலுள்ள நுண்ணிய மூலக்கூறு ஒன்றைக் கருவானது ஒட்டிக்கொள்ளுமுன்பே உள்வாங்கிக்கொள்கிறது என்றும், கருவின் மரபணுக்கள் செயற்படும் விதத்தை அது மாற்றக்கூடும் என்றும் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானிகள் 2015இல் கண்டு எழுதினார்கள். இதனால் கண்ணின் நிறமோ மூக்கின் வடிவமோ மாறிவிடும் என்று நினைப்பது பிழை. சுமப்பவள் வெறும் இடம் கொடுத்தவள் என்று நினைப்பதும் பிழைதான்.

இதனினும் என் மனத்தைக் கவர்ந்தது வேறொரு பழைய பரிசோதனை. டிகேஸ்பர், ஃபைஃபர் என்னும் இருவர் 1980இல் அமெரிக்காவில், பிறந்து மூன்று நாள் கூட நிரம்பாத சிசுக்களின் காதில் ஒலிக்கருவியைப் பொருத்தி, வாயில் பாலில்லாத ரப்பர்க் காம்பு ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு விதமாக விட்டுவிட்டுச் சப்பினால் தாயின் குரலும், வேறு விதமாகச் சப்பினால் அன்னியப் பெண்ணின் குரலும் கேட்கும்படி அமைத்திருந்தார்கள். அந்தப் பச்சைச் சிசுக்கள் சப்பும் கதியையே மாற்றிக்கொண்டு தாயின் குரலைத் தேடிக் கேட்டன! அந்த ஆராய்ச்சி முட்டை தானத்தைப் பற்றியது அன்று. ஆனால் கருவிலிருக்கும் பிள்ளையின் செவிக்கு மாதக்கணக்கில் பழகும் குரல் சுமந்தவளின் குரலே ஆகையால், இப்படிப் பிறந்த பிள்ளையும் உலகத்துக்கு வந்ததும் தேடுகிற குரல் எவளுடையதென்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. (தானமாய்ப் பெற்ற முட்டையால் உண்டாகும் கர்ப்பத்தில் இரத்தக் கொதிப்பு ஏறும் அபாயம் அதிகம், மாதாந்தரப் பரிசோதனையை ஒரு முறைகூடத் தவறவிடக் கூடாது என்பதை இவ்விடத்தில் சொல்லி வைக்கிறேன்.)

இனி, தாயின் மனம். தன் முட்டையால் பிள்ளை பிறக்காது என்று மருத்துவர் சொன்ன தினத்தில் அவள் இழப்பது கண்ணால் காணாத ஒரு பிள்ளையை. சாவு வீட்டுக்கு ஜனங்கள் வருகிறார்கள், மடியில் போட்டுத் தட்டிக்கொடுக்கிறார்கள். இந்த இழப்புக்கு அழுவதற்கு இடமுமில்லை, துணையுமில்லை. 'அதான் வேற வழி இருக்குன்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் என்ன?' என்று வீட்டார் அவசரப்படுத்துகிறார்கள். அந்தத் துக்கத்தை அழுது தீர்த்த பிறகு அடுத்த படியில் கால் வைப்பதே உத்தமம். நம் நாட்டுச் சட்டமும் சிகிச்சைக்கு முன் தம்பதிகளுக்கு ஆலோசனை அளிக்க வேண்டியது மருத்துவ மையத்தின் கடமை என்கிறது. பெயருக்கு நடக்கும் கால் மணி நேரப் பேச்சோடு அது முடிந்துவிட இடம் கொடாமல், தம்பதிகள் வற்புறுத்திக் கேட்டுப் பெற வேண்டும்.

பிள்ளை பிறந்த பின் 'இது என்னுடையதாகுமா' என்னும் பயம் என்ன ஆகிறது என்பதைக் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் பிரிட்டிஷ் தாய்மாரிடம் விரிவாக விசாரித்திருக்கிறார்கள். கர்ப்ப காலத்திலேயே பயம் நீங்கியவர்கள் உண்டு; பிரசவத்துக்குப் பின்னும் சில மாதங்கள் தயங்கியவர்கள் உண்டு; குழந்தைக்கு ஒரு வயது ஆகுமுன்னே பெரும்பாலோர் அது தம் பிள்ளை என்பதில் ஐயம் நீங்கியிருந்தார்கள். இரவில் எழுந்து பால் கொடுப்பதும், காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும், குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டுவதும் தினமும் செய்து செய்து வளரும் பாத்தியதையை எந்த மரபணுவும் தடுப்பதில்லை. மிகச் சிலருக்கு மட்டும் அந்தத் தயக்கம் நீடித்தது. அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்காமல் உதவிக்கு உரியவர்களாகப் பார்ப்பதே நியாயம்.

இத்துறையில் உலகம் மதிக்கும் பெயர் சூசன் கோலம்போக் அம்மையாருடையது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவர், 2000ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த குழந்தைகளைச் சிசுப் பருவத்திலிருந்தே பின்தொடர்ந்து, இருபது வயது வரை மீண்டும் மீண்டும் அவர்கள் வீடுகளுக்குச் சென்று ஆராய்ந்த குழுவின் தலைவி. முட்டை தானம், விந்து தானம், வாடகைத் தாய் ஆகிய வழிகளில் பிள்ளை பெற்ற 65 குடும்பங்களையும், இயல்பாகப் பெற்ற 52 குடும்பங்களையும் ஒப்பிட்டு, 2023இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: அந்த இளைஞர்களின் மனநலத்திலோ, தாய்க்கும் பிள்ளைக்குமுள்ள உறவின் தரத்திலோ இரு சாராருக்குமிடையே வேறுபாடு இல்லை. முட்டை தானத்தால் பெற்ற தாய்மார் தம் குடும்ப உறவைப்பற்றி, விந்து தானத்தால் பெற்ற தாய்மாரைவிடச் சற்றுக் குறைவான நிறைவோடு பேசினார்கள் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. பிள்ளைகளோ அப்படிச் சொல்லவில்லை. முட்டை தானக் குடும்பங்கள் அதில் 17 மட்டுமே ஆதலால் இதையே வேதவாக்காகக் கொள்ளவும் கூடாது. ஆனால் அந்த ஆராய்ச்சியில் தெளிவாகத் தெரிந்த ஒன்று உண்டு. தங்கள் பிறப்பின் வரலாற்றை ஏழு வயதுக்கு முன்பே அறிந்த பிள்ளைகளுக்கும் அவர்களுடைய தாய்மாருக்குமிடையே உறவு இன்னும் நன்றாயிருந்தது. அந்தத் தாய்மாரிடம் கவலையும் மனச்சோர்வும் குறைவாக இருந்தன.

இத்தனைக்கும், அதே குடும்பங்களைப் பிள்ளைக்கு ஏழு வயதாகும்போது விசாரித்தபோது, முட்டை தானத்தால் பெற்றவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே பிள்ளையிடம் சொல்லியிருந்தார்கள். சிசுவாயிருக்கையில் 'கண்டிப்பாகச் சொல்வோம்' என்றவர்களும் சொல்லாதவர்களில் உண்டு. இன்றைக்கு வேண்டாம், பள்ளிக்கூடம் திறக்கட்டும், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுச் சொல்லவே வாய் எழாத வயது வந்துவிடுகிறது. இங்கிலாந்திலேயே இப்படியென்றால், சுற்றமும் ஊரும் சூழ வாழ்கிற நம்மவர் தயங்குவதில் வியப்பில்லை.

நம் நாட்டார் நன்கறிந்த கர்ணனை நினைத்துப் பாருங்கள். தேரோட்டி வீட்டில் வளர்ந்ததனால் அவன் கெட்டுப்போகவில்லை. ராதையின் மகன் என்பதால் ராதேயன் என்னும் பெயரையே கடைசிவரை விரும்பித் தரித்தவன் அவன். அவனைப் பிளந்தது, போர் மூளும் தறுவாயில், யாருக்கோ ஒரு காரியம் ஆகவேண்டிய நேரத்தில், அவன் பிறப்பு அவனுக்குச் சொல்லப்பட்டதே. எந்த வரலாறும் இளமையிலே மடியில் வைத்துச் சொன்னால் கதையாகிறது. முதிர்ந்த பின் வெளிப்பட்டால் வஞ்சனையாகத் தெரிகிறது. இத்தனை காலம் அம்மா சொன்ன வேறு எதெது பொய் என்று மனம் தோண்டத் தொடங்கிவிடுகிறது.

மறைத்தாலும் மறைந்திருக்குமா என்பது அடுத்த கேள்வி. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பாடத்தில் இரத்தப் பிரிவுகளைப் படிக்கும் பிள்ளை, 'ஓ' பிரிவுத் தாய்க்கு 'ஏபி' பிரிவுப் பிள்ளை பிறப்பதில்லை என்று வாசித்துவிட்டுத் தன் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்க்கலாம். எச்சிலைச் சிறு குப்பியில் எடுத்துத் தபாலில் அனுப்பினால் உலகெங்குமுள்ள இரத்த உறவுகளைக் காட்டும் மரபணுச் சோதனைகள் இன்று சாதாரணமாகிவிட்டன. கனடாவிலிருக்கும் சித்தி மகள் விளையாட்டாகச் செய்துபார்க்கும் ஒரு சோதனையே போதும். இவையெல்லாம் போக, சிகிச்சை நடந்த காலத்தில் மாமியாருக்குத் தெரியும், அக்காளுக்குத் தெரியும், பணம் கடன் கொடுத்த மைத்துனருக்கும் தெரியும். சொத்துத் தகராறோ கல்யாணப் பேச்சோ வரும் ஒரு கசப்பான நாளில் அவர்களில் ஒருவர் வாயிலிருந்து அது தெறித்து விழுவதைவிட, பெற்றவள் வாயிலிருந்து கேட்பது எவ்வளவோ மேல். 'அம்மா வழியில் யாருக்காவது சர்க்கரை, இருதய நோய் உண்டா?' என்று மருத்துவர் கேட்கும் சாதாரணக் கேள்விக்குக்கூட, உண்மை தெரியாத பிள்ளை தன்னையறியாமல் தவறான விடையையே சொல்லிக்கொண்டிருக்கும்.

எப்படிச் சொல்வது? பிரிட்டனில் இத்தகைய பெற்றோர் 1993இல் தங்களுக்குள் கூடி அமைத்த சங்கம் ஒன்று இதில் நெடிய அனுபவம் உடையது. குழந்தைக்கு விளங்காத வயதிலேயே, துணி மாற்றும்போதும் தூங்கவைக்கும்போதும், தாய் அதை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் யோசனை. மிகவும் மெச்சத் தக்கது அது. முதலில் பழக வேண்டியது தாயின் நாக்கு. ஆயிரம் தரம் சொல்லிச் சொல்லித் தழுதழுப்பு நீங்கிய குரலில், பிள்ளைக்கு மூன்று நான்கு வயது ஆகும்போது அந்தக் கதை வந்துவிழும்.

"பாப்பா வரணும்னா ஒரு குட்டி முட்டை வேணும் கண்ணு. அம்மாகிட்ட இருந்தது சரியா வேலை செய்யல. அம்மாவும் அப்பாவும் ரொம்ப அழுதோம். அப்போ ஒரு நல்ல அக்கா அவங்ககிட்ட இருந்து ஒண்ணு குடுத்தாங்க. டாக்டர் அதை அப்பாகிட்ட இருந்து எடுத்ததோட சேர்த்து அம்மா வயித்துல வெச்சாங்க. அம்மா வயித்துலயே வளர்ந்து நீ வந்தே."

இவ்வளவுதான். பிள்ளை பெரும்பாலும் 'அப்புறம்?' என்று கேட்டுவிட்டு நாய்க்குட்டியைத் தேடி ஓடிவிடும். ஏழெட்டு வயதில் 'அந்த அக்கா எங்கே இருக்காங்க? நான் அவங்க மாதிரியா?' என்று கேட்கும். தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். பதினான்கு வயதில் கதவை அறைந்து சாத்திக்கொண்டு 'நீ ஒண்ணும் என் சொந்த அம்மா இல்லே' என்று கத்தவும் கூடும். அந்த வயதில் எந்தப் பிள்ளையும் தாயை நோகடிக்கக் கையில் அகப்பட்ட சொல்லை எடுத்து எறியும். இந்தப் பிள்ளையின் கையில் இந்தச் சொல் அகப்பட்டது, அவ்வளவே. கோலம்போக் குழுவினர் பதினான்கு வயதில் இப்பிள்ளைகளிடம் நேரில் கேட்டபோது, தாங்கள் பிறந்த விதத்தைப்பற்றிப் பெரும்பாலோருக்குப் பெரிய அக்கறையே இருக்கவில்லை.

தகப்பனுடைய பொறுப்பு இங்கே மிகப் பெரிது. பிள்ளையிடம் தன் ஜாடை இருப்பதைக் காட்டி, ஒரு நாளும், விளையாட்டுக்கும், சண்டையிலும், 'என் பிள்ளை' என்று அழுத்திச் சொல்லாத கட்டுப்பாடு அவனுக்கு வேண்டும். அவன் வீட்டார் வாயையும் அவனே அடக்க வேண்டும்.

'பிள்ளை போய்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டால்?' என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான பயம். பிள்ளை அறிய வேண்டியதை ஊர் அறிய வேண்டியதில்லை. 'இது நம் வீட்டு விஷயம், நீ விரும்புகிறவர்களிடம் பெரியவளானதும் சொல்லிக்கொள்' என்று, அதைப் பிள்ளையின் சொத்தாகவே ஒப்படைத்துவிடலாம். வெட்கப்பட வேண்டியது என்னும் தொனி மட்டும் குரலில் ஏறக் கூடாது.

அந்தத் தொனி ஏறாமலிருக்க வேண்டுமானால், முட்டை கொடுத்தவளைப்பற்றி நிமிர்ந்து பேசக்கூடிய நிலையில் பெற்றோர் இருக்க வேண்டும். 2022இல் ஈரோட்டில் வெளிவந்த வழக்கை நாம் மறந்திருக்க மாட்டோம்: பதினாறு வயதுச் சிறுமியின் வயதைப் போலி ஆதார் அட்டையால் கூட்டிக்காட்டி, மருத்துவமனை மருத்துவமனையாகக் கொண்டுபோய் முட்டையை விற்றதாக, பெற்ற தாயும் தரகியும் உள்ளிட்டோர் கைதானார்கள். அப்படி எடுத்த முட்டையில் பிறந்திருக்கக்கூடிய ஒரு பிள்ளை, 'அந்த அக்கா யார்?' என்று கேட்டால் எந்தத் தாயால் விடை சொல்ல முடியும்? 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த இனப்பெருக்க உதவித் தொழில்நுட்பச் சட்டம், கொடுப்பவளுக்கு வயது 23க்குக் குறையாமலும் 35க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது, அவளுக்குக் காப்பீடு செய்ய வேண்டும் என்றெல்லாம் வரம்பு கட்டியிருக்கிறது. இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெளிவது தம்பதிகளின் கடமை. கொடுப்பவளின் சாதி என்ன, நிறம் என்ன என்று முதலில் கேட்கிறவர்களும் உண்டு. அவள் உடல்நலம் எப்படி, சம்மதம் அவளுடையதுதானா, ஊசி போட்டபின் அவளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கே, பின்னாளில் பிள்ளையிடம் சொல்லத் தகுந்த கதை ஒன்று மிஞ்சும்.

அவள் பெயரைப் பிள்ளை அறியலாமா என்பதில் தேசத்துக்குத் தேசம் சட்டம் வேறு. ஸ்வீடன் 1985லேயே விந்து கொடுப்பவரின் பெயரை மறைக்கும் வழக்கத்தை ஒழித்தது. பிரிட்டனில் 2005 ஏப்ரல் முதல் தேதிக்குப் பின் பதிவான கொடையாளர்களால் உண்டான பிள்ளைகள் பதினெட்டு வயதில் அவர்களுடைய பெயரையும் கடைசியாகத் தெரிந்த முகவரியையும் கேட்டுப் பெறலாம். 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து அந்த முதல் அணியினர் கேட்கும் வயதை அடைந்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமோ 2017இல், முன்பு மறைத்து வைப்பதாக வாக்குக் கொடுத்த பெயர்களையும் திறந்துவிட்டது. இந்தியச் சட்டம் இப்பிள்ளையைத் தம்பதிகளின் சொந்தப் பிள்ளையாகவே எல்லா உரிமைகளோடும் ஏற்கிறது. கொடுத்தவளுக்குப் பிள்ளைமேல் பாத்தியதை இல்லை என்கிறது. அவள் பெயரை வெளியிடவும் இடமளிக்கவில்லை. ஆனால் அவளுடைய பெயர், முகவரி, ஆதார் எண் ஆகியவற்றை முட்டை வங்கி பெற்று வைத்திருக்க வேண்டும் என்பதும், ஆவணங்களைப் பத்தாண்டுகளாவது காத்து, பின்பு தேசியப் பதிவகத்தின் மையச் சேமிப்பில் ஒப்படைக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளவை. விக்டோரியாவில் மாறிய சட்டம் இங்கும் ஒரு நாள் மாறலாம். அதுவரையில் பெற்றோர் செய்யக்கூடியது ஒன்றுண்டு: கொடுத்தவளின் வயது, உயரம், இரத்தப் பிரிவு, அவள் குடும்பத்தில் கண்ட நோய்கள் முதலிய, பெயர் வெளிப்படாத விவரங்களைச் சிகிச்சை நடக்கும்போதே எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கி, மருத்துவமனையின் பெயரும் தேதியும் உள்ள காகிதங்களையும் சேர்த்துப் பத்திரப்படுத்தி, கேட்கும் வயதில் பிள்ளையின் கையில் கொடுத்துவிடலாம்.